வரைபடத்தில் நான் கடலில்

பொத்தானை அழுத்தியதும் ஒரு பெண் பேசுவாள்.
ஜப்பானிய மொழி. ஆறேழு சொல்.
குளிருக்கு நடுங்காத குரல்.
"உனக்கும்தான்" என்பேன்,
எஞ்சின் மேல் போர்த்திய மெத்தையைச் சுருட்டிப்
பின்னிருக்கையில் எறிந்தபடி.

உலான்பாட்டரில் மைனஸ் முப்பத்தெட்டு.
எதிர் முற்றத்தில் சந்தாக்கின் ரஷ்ய ஜீப்
கிடையில் விழுந்த நோயாளி.
அதன் வயிற்றுக்கடியில் ஊதுவிளக்கோடு அவர் படுத்திருப்பார்.
என் பிரியஸ் ஒரு முனகல் முனகிவிட்டு
வேலைக்குக் கிளம்பிவிடும்.
சந்தாக் என்னைப் பார்க்கமாட்டார்.

மூன்றாம் கை வண்டி.
முன்பெட்டியில் ஒரு பராமரிப்புப் புத்தகம்,
அகிதா என்ற ஊரின் சிவப்பு முத்திரைகள்.
உரிமையாளர் பெயர் ஹதகெயாமா.
பதினோரு வருடம் ஒரு எண்ணெய் மாற்றம்கூடத் தவறவில்லை.
இப்படியும் ஒருவர் இருப்பாரா என்று சந்தேகப்பட்டேன்.
இருக்கை இடுக்கில் கிடந்த தூண்டில்முள்
என் விரலைக் குத்திய அன்று
நம்பினேன்.

கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடும்.
வானொலிக்கு எங்கள் நிலையங்களில் பாதி காதில் விழாது.
திரையில் நான் எங்கே போனாலும் நீலம்.
கடலே இல்லாத நாட்டில்
நாள் முழுக்கக் கடலில் ஓட்டுகிறேன்.

அக்டோபரில் ஒரு சவாரி, தர்ஹான் வரை.
திருமதி இனாகாகி.
காஷ்மீர் ஆலையில் பின்னல் இயந்திரம் பழுதுபார்க்க வந்தவர்.
கிளம்புமுன் சக்கரங்களுக்குப் பால் தெளித்தேன்.
கழுவுகிறேன் என்று நினைத்து
கைக்குட்டையை நீட்டினார்.

உடைந்த ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டோம்.
டொயோட்டாக்காரர்கள் முதலில் தறி செய்தவர்களாம்.
பாவில் ஒரு நூல் அறுந்தால்
தானே நின்றுவிடும் தறி.
குடும்பப் பெயருக்குச் செழித்த நெல்வயல் என்று பொருளாம்.
எழுத எட்டுக் கோடு வந்தால் ராசி என்று
ஒரு எழுத்தை மெல்லினார்களாம்.
என் அப்பா நெல்லைப் பார்த்ததில்லை,
பையில் அரிசியைத்தான் பார்த்திருக்கிறார் என்றேன்.

சிவப்பு விளக்கில் எஞ்சின் அடங்கியது.
"பார்த்தீர்களா, இன்னும் நிற்கிறது" என்றார்.
பெட்ரோல் மிச்சம் பிடிக்க, அம்மா,
வேறொன்றுமில்லை.

ஊர் தாண்டியதும் முன்னால் ஒரு நிலக்கரி லாரி.
எங்கள் சாலை வலப்பக்கம்,
என் ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்.
லாரியின் முதுகைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.
இடப்பக்க இருக்கைதான் கண்.
சோரிக்த் இருந்தால் சொல்வான்: "இப்போ."
ஒருமுறை அவசரப்பட்டுச் சொன்னான்,
எதிரே வந்த பேருந்துக்குப் பிறகு
இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.
சுரங்கத்தில் பதினான்கு நாள், வீட்டில் பதினான்கு நாள் அவன்.
இல்லாத நாட்களில்
எந்த லாரிக்குப் பின்னாலும் பொறுமையாகப் புழுதி தின்பேன்.

இனாகாகி கழுத்தை நீட்டிப் பார்த்தார்.
ஒரு லாரி. இரண்டு. ஒரு குதிரை மந்தை.
பிறகு என் முழங்கையில் இரண்டு தட்டு,
நாடா தள்ளுகிறவள் போல.
போனேன்.

பெட்ரோல் போட்டுவிட்டு மறுபடி பொத்தான்.
அவள் பேசினாள். "உனக்கும்தான்" என்றேன்.
இனாகாகி வாயைப் பொத்திக்கொண்டார்.
அடக்கமுடியவில்லை, கண்ணில் நீர்.
"என்ன பதில் சொல்கிறீர்கள் அதற்கு?"
காலை வணக்கத்துக்கு வேறென்ன சொல்வது?
"வணக்கம் இல்லை.
'அட்டை செருகப்படவில்லை.'
எங்கள் நெடுஞ்சாலைச் சுங்க அட்டை."

நான்கு குளிர்காலம்.
சண்டை போட்ட காலைகளில்கூட
அவள் ஒருத்திதான் நல்லது சொன்னாள் என்று இருந்தேன்.
தர்ஹான் சுங்கச்சாவடியில்
கம்பளிக் கையுறை ஒன்று ஜன்னலுக்குள் நீண்டது.
ஆயிரம் துக்ரிக் வைத்தேன். சீட்டுக் கிடையாது.

மறுநாள் முதல் பனி.
பொத்தான். குரல்.
புரிகிறது இப்போது, அதுதான் தொல்லை.
"தெரியும்டி" என்றேன்.
கண்ணாடியைச் சுரண்டினேன். கைகள் மரத்தன.
திரையில் நீலம், நடுவில் என் அம்புக்குறி.
பழக்கதோஷம்,
"உனக்கும்தான்."