பொறி

சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை.
புந்தா அரேனாஸின் காற்று
தகரக் கூரையைப் பிய்க்கிற காலை.
எவரிஸ்தோ சாவியைத் திருப்பத் திருப்ப
அறுபத்தேழாம் வருடத்து பெஜோ கார்
இருமிக்கொண்டே இருக்கிறது.

பேட்டரி நல்லதுதான் என்கிறார் பக்கத்து வீட்டு மிலாதென்.
சளி பிடித்த மூக்கால் கார்புரேட்டரை முகர்ந்து
பெட்ரோலும் வருகிறதே என்கிறார்.
பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் அழுத்திப் பிடித்து
"இப்ப அடி."
பொறி இல்லை.
காயில், கண்டென்சர், பாயின்ட்:
இனி ஒவ்வொன்றின்மேலும் சந்தேகம் விழும்.

சமையலறை ஜன்னலில் நான்.
மாத்தே இலை ஊறிக்கொண்டிருக்கிறது.
செவ்வாய்க்கிழமை கண் டாக்டர் சொன்னதை
அவர் என்னிடம் சொல்லவில்லை.
டிக்கியில், ஜாக்கிக்கு அடியில்,
நாலாக மடித்து வைத்திருந்தார் அந்தச் சீட்டை.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்ததும்
இருவர் பேச்சும் நின்றது.
ரோட்டர் இருக்கவேண்டிய இடத்தில்
மொட்டைத் தண்டு.

கட்டைவிரல் அளவுதான் அது.
என் ஏப்ரன் பையில்
வெதுவெதுவென்று கிடக்கிறது.

உள்ளே வந்தார். குழாயைத் திறந்தார்.
என் கையைப் பிடித்துத்
தன் கண்ணருகே, இன்னும் அருகே கொண்டுபோய்
விரல்நுனிக் கரியைப் பார்த்தார்.

சோப்பை முதலில் எனக்கு நீட்டினார்.