இருநூற்றுப் பதினேழாம் கல்

பதினெட்டாயிரம் லிட்டர் பால் என் முதுகில்.
பின்னோக்கி எடுத்தேன்.
கண்ணாடியில் ஈரமும் புதரும்தான் தெரிந்தன.
சத்தம் கேட்டு இறங்கினால்
கல்லறைத் தோட்டத்து மதிலில் நாலு கெஜம்
சாலையில் கிடக்கிறது.

கார்ன்வாலில் செயின்ட் கெர்ரா.
ஆளே இல்லாத ஊர் என்றுதான் நினைத்திருந்தேன்.
ஐந்து நிமிடத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள்.
எனக்கு அடிபட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை.
"வாசலுக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

வாசலுக்கு ஒன்றும் ஆகவில்லை.
நான்கு ஓக் தூண்கள், கற்பலகைக் கூரை,
நடுவே ஓர் ஆள் நீளத்துக்குக் கருங்கல் மேடை.
லிச் கேட்.
லிச் என்றால் பழைய பேச்சில் பிணம்.
பாதிரியார் வந்து சேரும்வரை
சவப்பெட்டி நனையாமல் காத்திருந்த இடம்.
இப்போது தபால்காரர் அதில் உட்கார்ந்து
சாண்ட்விச் தின்கிறார்.

மறுநாள் ஹெஸ்டர் லவெல் வந்தார், மாவட்ட அலுவலகம்.
மஞ்சள் மழைக்கோட்டு, அளவுநாடா, கோபமே இல்லாத குரல்.
"பட்டியலில் உள்ள மதில். இரண்டாம் தரம்.
விழுந்தபடி விடவும் முடியாது,
புதிதாகக் கட்டவும் முடியாது.
எந்தக் கல் எங்கே இருந்ததோ, அங்கேயே."
சிமெண்ட் என்று ஒரு வார்த்தை சொன்னேன்.
பாலில் தண்ணீர் கலந்தவனைப் போல் பார்த்தார்.

பணத்தை இன்சூரன்ஸ் கொடுத்துவிட்டது.
இருந்தும் சனிக்கிழமைகளில் போனேன்.
ஏன் என்று என் மனைவி கேட்டாள்,
சொல்லத் தெரியவில்லை.

கொத்தர் பெட்ராக் ஆங்வின் பேசுகிற ஆள் இல்லை.
விழாமல் பிதுங்கி நின்ற பகுதியை
அவர் ஒவ்வொரு கல்லாய் இறக்குவார்.
சாக்பீஸால் எண் போடுவது நான்.
மீன்முள் போல் சாய்த்து அடுக்கிய பலகைக் கற்கள்,
இடையில் மண், பெரணி வேர்,
குளிர்காலத் தூக்கத்தில் ஒரு நத்தைக் குடும்பம்.
(நத்தைகளுக்கு எண் வேண்டாம் என்றார். அன்றைய பேச்சு அவ்வளவுதான்.)

இருநூற்றுப் பதினேழு
கைக்கு அடக்கமாக இருந்தது,
ஒரு ரொட்டித் துண்டின் அளவு.
சாலையையும் அது பார்க்கவில்லை, கல்லறைகளையும் பார்க்கவில்லை.
மதிலின் வயிற்றில், மண்ணுக்கு முகம் கொடுத்துக் கிடந்தது.
பின்பக்கம் எண்ணை எழுதிவிட்டுத்தான் திருப்பினேன்.
ஆணியால் கீறிய எழுத்து:
தம்சின். ஒரு நாள். 1809.

பெட்ராக் கரண்டியைக் கீழே வைத்தார்.
"ஞானஸ்நானத்துக்கு நேரம் கிடைக்காத பிள்ளை.
உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.
வெளியே விட, பெற்றவளுக்கு மனம் வந்திருக்காது."
எலும்பு எதுவும் இல்லை.
இந்த ஊர் மண் புளிப்பு, மிச்சம் வைக்காது.

இரண்டடி அகல மதில்.
அந்த இரண்டடி மட்டும்
உள்ளும் இல்லை வெளியும் இல்லை என்று
ஓர் இரவில் ஒருத்தி
கையால் அளந்து பார்த்திருக்கிறாள்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள்.
பீடத்தருகே வைக்கலாம் என்றார் பாதிரியார் ரோவீனா.
அருங்காட்சியகம், கண்ணாடிப் பெட்டி என்றார் ஒருவர்.
பெயராவது வெளியே தெரியட்டும், திருப்பி வையுங்கள் என்று
பின்வரிசையில் ஓர் அம்மாள் அழுதார்.
ஹெஸ்டர் கோப்பைத் திறந்தார், மூடினார்.
"எங்கே இருந்ததோ அங்கேயே. எப்படி இருந்ததோ அப்படியே.
சட்டம் அதுதான்."
சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்களை
நிறையப் பார்த்திருக்கிறேன்.
இவர் நல்ல காரணத்துக்கு ஒளிந்தார்.

பனிக்காலம் முடியட்டும் என்று காத்திருந்து
ஏப்ரலில் அடுக்கினோம்.
அந்தக் கல்லை நான் வைத்தேன்,
முகம் உள்ளே.
மேல்வரிசைக்குச் சுண்ணாம்பு பூசி
ஈரச் சாக்கு போர்த்தினார் பெட்ராக்,
காய்ச்சல்காரருக்குப் போர்த்துவதுபோல.

எண்களையெல்லாம் அழிக்க வேண்டாமா என்றேன்.
"மழை பார்த்துக்கொள்ளும்."

பார்த்துக்கொண்டது.
மே மாதம் பால் ஏற்றிக்கொண்டு அந்த வளைவில் ஊர்ந்தபோது
மதிலில் ஒரு வெள்ளைக் கோடுகூட இல்லை.
ஆனால் உள்ளே மழை போகாது.
அவள் பெயருக்குப் பின்பக்கம்
என் கோணல் கையெழுத்தில்
217.