சொட்டு நின்ற நாள்

மராஜோ தீவின் சேற்றுக்கரையில்
அந்திரோபா விதைகளை ஓதநீரே கொண்டுவந்து ஒதுக்கும்.
எங்களுக்கு முன்னே எழுந்த முள்ளம்பன்றி
பாதியைக் கொறித்துவிட்டுப் போயிருக்கும்.
மீதிக்கு ஒரு கூடை, இரண்டு பெண்கள்:
நானும் என் ஓரகத்தி இராசில்டாவும்.

அவித்தோம். இருபது நாள் மூடிவைத்தோம்.
ஓடு உடைத்து, கரண்டியால் வழித்து,
பிசைந்த மாவைச் சாய்த்த பலகையில் ஏற்றினோம்.
வெயில் பார்க்கக் கூடாது. விருந்தாளி பார்க்கக் கூடாது.
தூரமானவள் தொடக் கூடாது,
சூலி அந்தப் பக்கமே வரக் கூடாது.
வந்தால் எண்ணெய் கோபித்துக்கொண்டு
உள்ளே போய்விடும் என்பது மாமியார் வீட்டுச் சட்டம்.

இரண்டு நாள் பாகு நிறத்தில் சொட்டியது.
மூன்றாம் நாள் இராசில்டா பிசைந்தாள்.
நின்றது.

பலகை நுனியில் ஒரு துளி
விழலாமா என்று யோசித்தபடி தொங்கியது.
அவள் அதைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.
கொழுந்தன் ஜுரந்திர் தங்கச் சுரங்கத்துக்குப் படகேறி
ஏழு மாதம்.

"யார் தொட்டது?"
உள்ளிருந்து மாமியார் டோர்வலினா.
காது மந்தம்தான். சொட்டு நின்றது மட்டும் கேட்டுவிடும்.

"நான்தான் அத்தை. இன்றைக்கு எனக்குத் தூரம்."

நாற்பத்தொன்பது வயது எனக்கு.
அது நின்று இரண்டு மழைக்காலம் போயிற்று,
ஆற்றைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை.
ஒரு பருவத்து எண்ணெயைக் கெடுத்தவள் என்று
இருட்டும்வரை வசவு. வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவே வந்து நின்றாள் இராசில்டா.
"பட்டை கொஞ்சம் வேண்டும் அக்கா. காய்ச்சல்."
நெற்றியைத் தொட்டேன்,
பானைத் தண்ணீரின் குளிர்ச்சி.
எதற்கென்று கேட்கவில்லை.
உதயம் படுகிற பக்கத்தில், கையகலம்,
மரத்துக்கு மறந்துபோகிற அளவே உரித்தேன்.
கொதிக்கக் கொதிக்கச் சிவந்தது.
ஈ கூட வட்டமிட்டுத் திரும்பும் கசப்பு.

கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு
போன வருடத்து எண்ணெயில் எரிந்த விளக்கு
அணையும்வரை உட்கார்ந்திருந்தாள்.
பிறகு, இருட்டில், என் மகன் வல்தெசிரை எழுப்பி
அவன் முழங்கால் புண்ணை
அந்தக் கஷாயத்தால் கழுவினாள்.
ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.
அவன் தூக்கத்திலேயே அவளைத் திட்டினான்.

விடிந்ததும் பலகையை
வெயிலுக்கு இழுத்துப் போனேன்.
சட்டம் அங்கேயும் ஏதாவது சொல்லும், சொல்லட்டும்.
வெயில் யாரையும் விசாரிக்காமல் கறந்தது.

ஆறு குப்பி. ஐந்து படகுச் சந்தைக்கு.
ஆறாவதை அவள் தொங்குபடுக்கைக்குக் கீழே வைத்தேன்.
"கொசுவுக்கு" என்றேன்.
பாதி தூரம் போய்த் திரும்பி வந்து,
"இடுப்பு வலிக்கும் ஆகும்" என்றேன்.