மூலப்பத்திரம்

வடக்கே பெள்ளா கவுடர் கேரட் தோட்டம்.
தெற்கே பேரூராட்சிப் படிக்கட்டு,
முப்பத்தொரு படி, அதில் ஒன்று உடைசல்.
மேற்கே ஓடை.
கிழக்கே வேலித் தகராறு தீராத ஐசக் வீடு.
இதற்குட்பட்ட மூன்றே கால் சென்ட்,
தகரக் கூரை, ஒரு பேரிக்காய் மரம்.

கோத்தகிரியில் முப்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
வீட்டுக்காரர்களைவிட மூலப்பத்திரம்
கொஞ்சம் குறைவாகப் பொய் சொல்லும்.

முதல் தாள் 1934.
மிஸ் ஹார்லி என்கிற துரைசானி
தன் சமையற்காரர் சின்னப்பனுக்கு,
விசுவாசமான ஊழியத்துக்காக.
சின்னப்பன் மகன் சீட்டாடி அடமானம் வைத்தான்.
மீட்டவர் ரொட்டிக்கடை காதர் மொய்தீன்;
அவர் அடுப்புக் கரி இன்னும் உள்ளறைச் சுவரில்.
எண்பத்தெட்டில் அவரிடமிருந்து
மருதாயி, தாயகம் திரும்பியவர்,
கொழுந்து பறித்து, சீட்டுப் பிடித்து,
கடைசியில் கம்மலையும் விற்று.

அதே மருதாயி
தானம் எழுத வந்து நின்றார்.
பெறுபவர் புத்த சங்கம்: ஏழு பேர்,
தலைவர் பஸ் கண்டக்டர்.
காரணம் ஒரு வரி வேணும்மா என்றேன்.

"எழுபத்தேழுல எங்க லயத்தக் கொளுத்துனவங்க
அந்தச் சாமியத்தான் கும்பிட்டாங்க.
எங்களப் பன்சலைக்குள்ள வச்சுப் பூட்டிட்டு
சாவிய வாயில போட்டுக்கிட்டு
வாசல்ல குந்தியிருந்தாரே கிழட்டு ஹாமுதுரு,
அவரும் அந்தச் சாமியத்தான்.
என்னன்னு அதுகிட்ட கேக்கணும்.
கேக்கணும்னா வீட்டுக்கு வரவழைக்கணும்ல?"

இதை எந்த வாசகத்தில் எழுத?
ஆன்மிக நோக்கில், பிறர் தூண்டுதலின்றி, என்று போட்டேன்.
கைநாட்டுக்கு மை தொட்ட விரல் நின்றது:
"அடுப்படி மட்டும் நான் சாகுற வரைக்கும்."
சேர்த்தேன்.

மேட்டுப்பாளையத்தில் கேரட் இறக்கித் திரும்பிய லாரியில்
வைக்கோலுக்குள் வந்தார் புத்தர்,
காது மடலில் செம்மண்.
எட்டுப் பேர் படியேற்றினோம்.
ஐசக்கும் ஒரு கை கொடுத்தார்,
வேலியைப் பற்றி முனகிக்கொண்டே.
கரிச்சுவரோரம் வைத்தார்கள்.
வெள்ளையடிக்கலாம் என்றவர்களை
மருதாயி அடுப்படியிலிருந்தே அதட்டினார்.

கேட்டாரா, பதில் வந்ததா, தெரியாது.
நான் பாதிக் கூலிதான் வாங்கினேன்;
அதற்கும் ரசீது கேட்டவர் அவர்.

மின் இணைப்பில் பெயர் மாற்ற மறந்துவிட்டோம்.
அவர் போய் மூன்று உறைபனி கழிந்தும்
புத்தர் தலைமேல் எரியும் ஒற்றை பல்புக்கு
இரண்டு மாதத்துக்கொரு முறை
ரீடிங் எடுக்க வருகிற பையன்
மருதாயி அட்டையில் எழுதிப் போகிறான்:
கட்ட வேண்டியது
பூஜ்யம்.