அரைப்பேர்

கிழமையில் ஆறு நாளும் நான் பேர் போடுகிறவன்.
பதினெட்டுக் கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர்.
மழைக்கு ஒதுங்கி நேரம் போனாலும் அரைப்பேர்.
ஞாயிறு மூன்று மணிக்கு
அதே பேனையோடு ஹட்டன் தேவாலய மண்டபத்தில்
இன்னொரு செக்ரோலைத் திறக்கிறேன்.
இதில் விழும் பேருக்குச் சம்பளம் இல்லை.
சந்தா உண்டு, மாதம் இருநூறு.
பாக்கி வைத்திருப்பவர் பதினொரு பேர்,
என்னையும் சேர்த்து.

மூடிப்போன துரைமார் கிளப்பின் சாமான் அறையில்
ஒன்பது வயலின், ஒரு டபுள் பேஸ்.
பேஸின் வயிற்றில் எலி குட்டி போட்டிருந்தது.
ஏலத்தில் எடுத்தவர் ரயில்வே கார்ட் ட்ரெவர் யான்ஸ்.
முதல் ஒத்திகைக்கு ஏழு பேர்.
இசைத்தாள் வாங்க வழியில்லாமல்
பழைய செக்ரோல் தாள்களின் முதுகில்
ஐந்தைந்து கோடாக இழுத்தார்கள்.
இன்றைக்கும் வியோலாவின் தாளை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்
சுரங்களுக்குப் பின்னால் தெரியும்:
மருதாயி, பதினான்கு கிலோ, அரை.
யாரென்று விசாரித்தேன்.
மூன்று தோட்டத்தில் மூன்று மருதாயி.

ஊரடங்கு வருசத்தில் பத்து மாதம் பதிவில்லை.
ஏனென்று எழுதவும் இல்லை.
மண்சரிவில் தண்டவாளம் போனபோது
செல்லோ வட்டவளையில் நின்றுபோனது,
ஸ்டேஷன் மாஸ்டர் அதற்கும் ஒரு போர்வை கொடுத்தாராம்.

நாங்கள் எப்போதும் வாசிப்பது
ஒரு சிம்பொனியின் இரண்டாம் பாகந்தான்.
முதலாவது வேகம்.
மூன்றாவதைக் கரையான் வாசித்துவிட்டது.

சம்பளப் போராட்டம் நாற்பத்தொரு நாள்.
ட்ரம்பெட் நிஷாந்த வீரக்கொடி
நோர்வூட் பக்கம் சின்னத்துரை.
அவர் கேட்டுக்கு முன்னால் கொடி பிடித்து நின்றவள்
வியோலா இசக்கியம்மாள்.
ஞாயிறு இருவருமே வந்தார்கள்.
குடையை உதறினார்கள், பேசவில்லை.
ட்ரம்பெட்டுக்கு நாற்பத்தாறு அளவு ஓய்வு.
எண்ணிக்கொண்டிருந்தவர் எங்கோ தொலைந்தார்.
நாற்பத்தாறாவதில்
வியோலாவின் வில் நுனி லேசாக அவர் பக்கம் சாய்ந்தது.
அந்த நாற்பத்தொரு நாளில் உருப்படியான பேச்சுவார்த்தை
எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஒபோ இல்லாத குழு நாங்கள்.
சுருதிக்கு மண்டபத்து ஹார்மோனியம்.
முப்பத்தோரு வருசம் அது சொன்னதே 'ஏ'.
போன தை மாதம்
டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த
டொக்டர் ஜெயகௌரி ஒபோவோடு வந்து உட்கார்ந்தார்.
ஒரே ஒரு நீளச் சுரம் ஊதினார்.
நிமிர்ந்து பார்த்தோம், கூரையில் ஏதோ ஏறுகிறதென்று.
நாங்கள்தான் இறங்கியிருந்தோம்.
அரைச் சுரத்தில் பாதி.

நிஸ்தார் கிளாரினெட்டைக் கழற்றிக் காட்டினார்:
"இந்தா, இவ்வளவு இழுத்து வச்சுத்தான் ஊதினேன்,
ஒருத்தரும் கேக்கல்ல."
மூட்டில் ஒரு கறுப்பு வளையம்,
வருசக் கணக்கில் படிந்தது.

செயற்குழு கூடியது.
குறைவெண் ஒன்பது, வந்தவர் ஒன்பது.
இசக்கியம்மாள் எதிர்த்தாள்:
"மலை ஏறி ஏறிக் கால் செத்துப் போச்சு,
இனிச் சுருதியையும் ஏத்தணுமா?"
ஐந்துக்கு நான்கில் ஏற்றுவதென்று முடிவு.
அன்று மாலையே ஆறு தந்தி அறுந்தது.
ஒன்று என்னுடையது, கன்னத்தில் கீறல்.

டொக்டருக்கு இரவுப் பணி அதிகம்.
அவர் வராத ஞாயிறுகளில்
ஹார்மோனியத்தின் மேலிருக்கும் துணியை எடுக்கிறோம்.
யாரும் சொல்லாமலே முளைகள் தளர்கின்றன.
நிஸ்தார் வளையம்வரை இழுத்துக்கொள்கிறார்.
பதிவேட்டில் இதற்கென்று ஒரு கட்டம் கிழித்தேன்.
'ஒ' என்றோ 'ஹ' என்றோ நிரப்புவேன்.
'ஹ' கொஞ்சம் கூடுதல்.

போன ஞாயிறு பனிமூட்டம், கரண்டும் இல்லை.
டிம்பனி அடைக்கலராஜ் கடையைப் பூட்டிவிட்டு
ஈரத் தலையோடு ஓடிவந்து
கடைசிப் பக்கத்தின் நாலு அடியை மட்டும்
அடித்துவிட்டுத் திரும்ப ஓடினார்.
பேனை அரைக்குத்தான் போனது, பழக்கதோஷம்.
நிறுத்தி, முழுப்பேர் போட்டேன்.
பக்கத்துக் கட்டத்தில்
சந்தா பாக்கி, ஏழு மாதம்.