நீலம்

எங்கள் வீட்டின் கீழறை
சாலையைவிட நாலு படி தாழ்வு.
மேட்டை வெட்டிக் கட்டியவன் யாரோ,
விற்றுவிட்டு ஈப்போவுக்குப் போய்விட்டான்.
நவம்பர் மழைக்கு அவனைத் தெரியாது.
எங்களைத்தான் தெரியும்.

கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து
விடிகாலை வருகிறேன், கடைசிப் படியைக் காணோம்.
அரிசிப் பை, பழைய ரேடியோ, பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்து
காப்பி நிறத் தண்ணீரில்
ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டிருந்தன.
"கால் வைக்காதே! மெயின் சுவிட்சை அணைக்கணும்!"
தனபாலன் மேலிருந்து கத்தினார்.
பதினாறு வருடத்தில் என்மேல் அவர் காட்டிய
ஆகப் பெரிய பிரியம் அது.

கமாரியா அக்கா வீட்டுப் பம்பு
மூன்று மணி நேரம் இருமியது.
மெத்தையைத் தூக்க நாலு பேர்.
தூக்கிய பின் அது மெத்தையே இல்லை.
கோப்பிலிருந்த காகிதங்களைத்
துணிக்கொடியில் கிளிப்பு போட்டு மாட்டினேன்:
குடியுரிமை கேட்டு என் நாத்தனார்
பதினொரு வருடமாய் எழுதிய மனுக்களின் நகல்கள்.
ஒரு பக்கம் விடாமல் வாசித்தது
இந்தத் தண்ணீர் ஒன்றுதான்.

அப்புறம் பழி சொல்லும் வாரம்.
செம்பனை மட்டையைச் சாக்கடையில் தள்ளும் எஸ்டேட்,
சாக்கடை வாராத நகராண்மை,
கார் நிறுத்த சிமெண்டு போட்ட பக்கத்து வீடு.
தனபாலன் ஒவ்வொருவராய்த் திட்டி முடித்தார்.

ஹார்ட்வேர் கடை ஆ லியோங்
சாயம் விற்க மறுத்துவிட்டார்.
"சுவர் நிறைய குடிச்சிருக்கு லா.
இப்போ பூசினா பொய்தான் பூசுவே.
தண்ணி எங்கேருந்து வருது, அதைப் பாரு."
கையில் வைத்தார் ஒரு புட்டி,
துணிக்குப் போடும் சொட்டு நீலம்.

வாளியில் கரைத்து
எஸ்டேட் சாக்கடையில் ஊற்றினோம்.
சுவர் வாய் திறக்கவில்லை.
பக்கத்து வீட்டுச் சிமெண்டோரம் ஊற்றினோம்.
ஒன்றுமில்லை.
மிச்சத்தை
எங்கள் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயில்,
போன வருடம் தீபாவளிக்குத்
தனபாலனே வளைத்து ஒட்டிய குழாயில்,
ஊற்றிவிட்டுக் கீழே வந்து டார்ச்சு பிடித்தோம்.

இருபது நிமிடம்.
செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே
நீலமாய் ஒரு மணி.
அதன் பின்னால் இன்னொன்று.

அவர் எதுவும் பேசவில்லை.
மண்வெட்டியைத் தேடிப் போனார்.

குழாயை எட்டடி தள்ளி விட்டோம்.
சுவரோரம் மண்ணைக் கூட்டி வெளியே சரித்தோம்.
தண்ணீர்க் கோட்டுக்கு ஒரு முழம் மேலே வரை
பழைய பூச்சைக் கொத்தி எடுத்தோம்.
விசிறி சுழலச் சுழல
வெறும் செங்கல்லோடு ஆறு வாரம் குடித்தனம்.
"எப்போ பூசப் போறீங்க?" என்று கேட்டவர்களைச்
சுவரிடம் கேட்கச் சொன்னேன்.

நேற்று மறுபடி மழை. தகரம் அதிர்ந்தது.
இரண்டு மணிக்குப் பாயில் அவர் இல்லை.
கீழே, இருட்டில்,
சுரம் பார்ப்பதுபோல்
புறங்கையைச் சுவரில் வைத்து நின்றிருந்தார்.

"எப்படி?" என்றேன்.

"இன்னும் பெய்யட்டும்" என்றார்.