செவ்வாய்க்கிழமைப் பைகள்

நான் கேட்காமலே அவர் செய்யும் ஒரே வேலை
செவ்வாய்க்கிழமைக் குப்பை.
கறுப்பு, ஆரஞ்சு, நீலம்,
மூன்று பையையும் இறுக முடிந்து
ஐந்து மணி இருட்டில் தெருவோரம் வைத்துவிட்டுக்
கை கழுவி, தேநீரும் போட்டுவிடுவார்.
இப்படி ஒரு புருஷன் சாட்ஸ்வொர்த்தில்
வேறெந்த வீட்டில் என்று
அக்காவிடம் போனில் பீற்றியிருக்கிறேன்.

போன வாரம் லாரி வரவில்லை.
வேலைநிறுத்தமாம். நாளை வருமாம், வராதாம்.
நீலப் பைக்குள் வெட்டிய புல்லும்
கறிவேப்பிலைக் கொப்பும் வேகத் தொடங்கின.
தொட்டால் உள்ளே ஒரு சூடு,
காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி.

புதன்கிழமை குரங்குகள் வந்தன,
படையாச்சி வீட்டு அவகாடோ மரம் வழியாக,
தாயும் குட்டியுமாய் ஒன்பது.
சோறும் எலும்பும் இருந்த கறுப்பை விட்டுவிட்டு
ஆரஞ்சைக் கிழித்தன.
ஏனோ.
பால் டப்பா, ஷாம்பு பாட்டில், ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்.
பேப்பர் மடிப்புக்குள்ளிருந்து
விரல் நீளச் சீட்டுகள்
தெருவெல்லாம் பறந்தன.

துடைப்பத்தோடு நான் ஓடுவதற்குள்
தள்ளுவண்டியோடு பெக்கி வந்திருந்தான்.
அட்டை ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம்.
சீட்டுகளை மட்டும் பொறுக்கிக்
கேட் ஓரத்துக் கல்லின் கீழ் செருகினான்.
அங்கே ஏற்கெனவே ஒரு கட்டு இருந்தது,
நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து.

"இதை டிப்போவில் எடுக்க மாட்டாங்க, மா.
சூட்டில் அச்சடிக்கிற காகிதம்.
கறுப்புப் பையில போடுங்கன்னு
மிஸ்டர் மூட்லிகிட்ட ரெண்டு தடவை சொன்னேன்."
நகத்தால் கீறிக் காட்டினான்.
கறுத்தது.

ஐந்தாவது ரேஸ். ஏழாம் நம்பர். இருநூறு ராண்ட்.
மற்றவற்றில் பாதி மங்கிவிட்டது.
மங்காததைக் கூட்டிப் பார்த்தேன்,
உதடு அசையாமல்.
கார் டயருக்கென்று தந்த நாலாயிரத்தைத் தாண்டியதும்
நிறுத்திவிட்டேன்.
பெக்கிக்குத் தேநீர் கொடுத்தேன்.
நாலு சர்க்கரை கேட்டான்.

இன்று திரும்பவும் செவ்வாய்.
லாரி நிச்சயமாம்.
அவர் எழுமுன் எழுந்து
மூன்று பையையும் நானே முடிந்து வைத்தேன்.
கட்டை எந்தப் பையிலும் போடவில்லை.
சமையலறை மேசையில், அவர் கோப்பைக்குப் பக்கத்தில்.
பறந்துவிடக் கூடாதே என்று
அந்தக் கல்லையும் கழுவாமல் எடுத்துவந்து
மேலே வைத்திருக்கிறேன்.

உள்ளே விளக்கு எரிகிறது. குழாய் திறக்கிறது.
மேட்டில் எங்கோ லாரி பின்வாங்கும் சத்தம்.
நீலப் பைமேல் கை வைத்துத்
தெருவிலேயே நிற்கிறேன்.
இன்னும் சூடு.